டயல் வெள்ளையாக இருந்தது

லூபென் தோல் பட்டையை ரொட்டி அறுக்கும் பலகைமேல் வைத்து, இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோணூசியின் முனையை மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். முனை சிவக்கக் கூடாது. சிவந்தால் தோல் கருகி ஓரம் பிசிறடிக்கும். சூடு ஏறியதும் எடுத்து, பென்சிலால் குறித்துவைத்திருந்த புள்ளியில் நிறுத்தி, உள்ளங்கையால் ஒரே அழுத்து. துளைக்கும் துளைக்கும் இடையே ஆறு மில்லிமீட்டர். அளவுகோலை வைத்துச் சரிபார்த்தார். ஆறேதான்.

கடையில் வாங்கியபோது அந்தக் கடிகாரப் பட்டையில் ஐந்து துளைகள் இருந்தன. அவர் மனைவி தோன்கா எப்போதும் மூன்றாவதில் கட்டுவாள். இப்போது போட்டது எட்டாவது.

"லூபென், ஓட்டை போடறியா, கிணறு வெட்டறியா?" என்று படுக்கையறையிலிருந்து குரல் வந்தது. குரலில் காற்று குறைந்திருந்தது. கேலி குறையவில்லை.

"தண்ணி வந்துடுச்சு. இதோ வரேன்."

கைக்கடிகாரம் வேண்டும் என்று கேட்டது அவள்தான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வலி மருந்து. காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நான்கு, அப்புறம் மறுபடி எட்டு. கட்டிலில் படுத்தால் சுவர்க் கடிகாரம் தெரியாது. மணி என்ன என்று கேட்டால் அவளுடைய அக்கா நெதெல்யா "இதோ ஆயிடும், ஆயிடும்" என்பாள். அந்தப் பதில் தோன்காவுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் ஐம்பது நிமிடம் என்று தெரிந்தால் ஐம்பது நிமிடம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். 'இதோ' என்பதை எவ்வளவு நேரம் கடித்துக்கொண்டிருப்பது?

லூபென் கட்டில் ஓரம் உட்கார்ந்து அவள் கையைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக் கட்டினார். மணிக்கட்டு எலும்பு கதவுக் குமிழ் போலத் துருத்திக்கொண்டிருந்தது. கடிகாரம் போபேதா என்ற பழைய கம்பெனியுடையது, வெள்ளை டயல். யாருடைய ஞாபகப் பொருளும் அல்ல. கஸன்லாக் சந்தையில் பன்னிரண்டு லெவாவுக்கு வாங்கியது.

"இறுக்கமா இருக்கா?"

"சரியா இருக்கு. மணி பதினொண்ணு பத்து. இன்னும் அம்பது நிமிஷம்" என்றாள் தோன்கா. கண்ணை மூடிக்கொண்டாள்.

லூபெனுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பவராக இருந்தவர். இயந்திர உருளைகள் அவர் மேசைக்கு வரும். பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மயிரிழைக் கீறல் இருந்தாலும் சிவப்புச் சாயம் தடவி ஒதுக்கிவிடுவார். மேலதிகாரி வந்து தோளில் கை போட்டாலும் சிவப்பு சிவப்புதான். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வீட்டில் தட்டு சரியாகக் கழுவப்படவில்லை என்று குறை சொல்லத் தொடங்கினார். ஸ்பெயினில் இருக்கும் மகன், அம்மாவின் புலம்பல் தாங்காமல், தான் பழகிய பழைய கேமராவை அனுப்பிவைத்தான். கீழ்வீட்டுக்காரர் ஒரு கடிகாரத்தை விற்க வேண்டும், ஒரு படம் எடுத்துக் கொடு என்று கேட்டார். அப்படித்தான் தொடங்கியது. எட்டு வருடத்துக்கு முன்னால்.

கடிகாரம் சேர்க்கும் ஆசை அவருக்கு இல்லை. சொந்தமாகப் பதினொன்றுதான் வைத்திருந்தார். மற்றவர்களுடையதை வாங்கிப் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஞாயிறு மதியம் சமையலறை மேசைதான் இடம். வடக்கு ஜன்னல். வெளிச்சம் பரவ, கேக் சுடும் தாள் ஒட்டிய மரச்சட்டம். நிழலைப் போக்க, இறைச்சிக் கடையில் தரும் வெள்ளைத் தெர்மோகோல் தட்டு. கண்ணாடியில் தன் மூக்கு விழாமல் இருக்க ஒரு கறுப்பு அட்டை. தூசியை ஊத, மருந்துக் கடையில் வாங்கிய காது கழுவும் ரப்பர் குமிழ். முள்களைப் பத்து மணி எட்டு நிமிடத்தில் நிறுத்துவார். அப்போதுதான் டயலில் உள்ள பெயர் மறையாது.

கட்டிக் காட்டும் கைக்குத் தோன்கா. அவருடைய கையில் முடி அதிகம், அதோடு கேமராவைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தெட்டு வருடம் அகப்பை பிடித்தவள் தோன்கா. அகலமான மணிக்கட்டு. ஆண்கள் கடிகாரம் அளவெடுத்தது போல உட்காரும். அவர் படம் போடும் கடிகாரப் பிரியர்களின் இணையக் குழுவில் நானூறு பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் தோன்காவின் கை தெரியும். முகம் ஒருவருக்கும் தெரியாது.

"படம் புடிக்கறது கடிகாரத்த, மூச்ச அடக்கறது மட்டும் நானா?" என்பாள்.

"அசையாத."

"அவரை அடிபுடிக்குது லூபென்."

"புடிக்கட்டும்."

அவருக்கு ஒரு முறை உண்டு. தொழிற்சாலையில், அளக்கும் கருவியை முதலில் ஓர் அளவுக் கட்டையில் வைத்துச் சரிபார்ப்பார்கள். அளவுக் கட்டை பொய் சொல்லாது. அது போல ஒவ்வொரு ஞாயிறும் முதல் படம் அந்த வெள்ளை டயல் போபேதாதான், தோன்காவின் கையில். கணினியில் அந்த வெள்ளையை வெள்ளையாக்கிவிட்டால் அன்றைய வெளிச்சத்தின் கோளாறு போய்விடும். மற்றப் படங்களுக்கும் அதே கணக்கு. எட்டு வருட ஞாயிறுகள், தேதியோடு, ஒன்றுவிடாமல் கணினியில் இருந்தன. கேமரா எடுத்தது ஒரு பக்கம், அவர் திருத்தியது ஒரு பக்கம்.

பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி ஞாயிறு, கை மஞ்சளடித்தது. மாலையாகி மேசை விளக்கைப் போட்டிருந்ததால் விளக்குதான் என்று நினைத்துச் சோம்பலில் அப்படியே குழுவில் போட்டார். வர்னா ஊர்க்காரர் ஒருவர் கீழே எழுதினார்: "லூபென் அண்ணே, உங்க விளக்குக்கு மஞ்சள் காமாலையா? டாக்டர்ட்ட காட்டுங்க." பதினான்கு பேர் சிரித்திருந்தார்கள். லூபெனும் சிரிப்புக் குறி போட்டார். மறுநாளே போய்ப் புது விளக்கு வாங்கிவந்தார்.

மார்ச் மூன்றாம் தேதி விளக்கே போடவில்லை. நடுப்பகல், ஜன்னல் வெளிச்சம். படத்தைத் திறந்து டயலைத் தொட்டு வெள்ளையாக்கினார். டயல் பால் போல நின்றது. கை மஞ்சளாகவே இருந்தது.

தரம் பார்ப்பவருக்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. அளவுக் கட்டை சரியாக இருந்தால், பொருளில்தான் கோளாறு. பின்னால் தோன்கா அடுப்பில் அவரையைக் கிளறியபடி பானையைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கணினி மவுஸைப் பிடித்து, கடிகாரத்தை விட்டுவிட்டுக் கையைச் சுற்றி மட்டும் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குள் இருந்த மஞ்சளைக் குறைத்தார். ஒரு நிமிட வேலை. கை பழைய கையாகிவிட்டது.

அடுத்த ஞாயிறும் செய்தார். அதற்கடுத்ததும் செய்தார். ஒரு ஞாயிறு மணிக்கட்டுக்கு மேலே நகக் கீறல்கள் இருந்தன, சொறிந்து சொறிந்து ரத்தம் கன்றியவை. தூசியை அழிக்கிற தூரிகையால் அவற்றையும் அழித்தார். பட்டையை மூன்றாவது துளையிலிருந்து நான்காவதுக்கு மாற்றினார். "பரவால்ல, இளைச்சுட்டேன்" என்று அவள் சந்தோஷப்பட்டாள். ஒன்பது ஞாயிறு இப்படிப் போயிற்று. ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்தான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அந்த வருடம் ஈஸ்டர் தாமதமாக, மே மாதத்தில் வந்தது. கார்லோவோவிலிருந்து நெதெல்யா சிவப்பு முட்டைகளோடு வந்தாள். எழுபத்துமூன்று வயது, தங்கையைவிட ஏழு வயது மூத்தவள். வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, என்னடி இது, எலுமிச்சம்பழமாட்டம் நிக்கற? கண்ணக் காட்டு."

"வந்ததும் வராததுமா என்னக்கா..."

"காட்டுடி." கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "ஒண்ணுக்கு என்ன நிறத்துல போகுது?"

"டீ மாதிரி."

"எவ்ளோ நாளா?"

"தெரியல. பீட்ரூட் சாப்பிட்டேன்..."

"பீட்ரூட்! கோட்டப் போடு."

முட்டைக் கூடை வாசலிலேயே இருந்தது. அன்றே மருத்துவமனை. கணையத்தின் தலைப்பக்கம் கட்டி. பித்தக் குழாயை அது அடைத்திருந்தது. சின்னக் குழல் ஒன்றை வைத்துப் பித்தத்தை வடியவிட்டார்கள். இரண்டு வாரத்தில் மஞ்சள் இறங்கியது. கட்டி இறங்கவில்லை. பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிப் படர்ந்துவிட்டதால் அறுக்க முடியாது என்றார் டாக்டர். "மஞ்சள் எப்போலேருந்து?" என்று அவர் கேட்டபோது தோன்கா "ஒரு பத்து நாளா இருக்கும்" என்றாள். லூபென் அவள் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். வாய் திறக்கவில்லை.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டது நெதெல்யா.

"அதை யாராலயும் சொல்ல முடியாது. சீக்கிரம் வந்திருந்தா நல்லாருந்திருக்கும். அவ்வளவுதான் சொல்லலாம்."

அந்த 'அவ்வளவுதான்' நெதெல்யாவுக்குப் போதுமாக இருந்தது. மேயிலிருந்து செப்டம்பர் வரை, வரும்போதெல்லாம், தொலைபேசியில் பேசும்போதெல்லாம் தங்கையை அதை வைத்தே குத்தினாள். குத்தியபடியே கஞ்சி காய்ச்சினாள், குத்தியபடியே முதுகுக்கு எண்ணெய் தேய்த்தாள். ரத்தத்தில் ஏற்றிய மருந்து இரண்டு தடவைக்கு மேல் உடம்புக்குத் தாங்கவில்லை. நிறுத்திவிட்டார்கள். இரண்டு வாரமாக நெதெல்யா இங்கேயே தங்கிவிட்டாள்.

எட்டாவது துளை போட்ட அன்று சனிக்கிழமை. ஊர் முழுக்க மிளகாய் சுடும் காலம். அடுக்குமாடியின் எல்லாப் பால்கனிகளிலும் சிவப்புக் குடமிளகாய் தோல் கருகிக்கொண்டிருந்தது. நெதெல்யாவும் பத்துக் கிலோ வாங்கிப்போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாடை தோன்காவுக்குக் குமட்டியது. ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டியது. ஆகவே குமட்டலே பரவாயில்லை என்று திறந்து வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு மணி மருந்து கொடுத்த பிறகு நெதெல்யா, விரலெல்லாம் கரியோடு, பீச் பழக் கூழ்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். தங்கையின் கையில் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்ன மாப்ளே, மறுபடியும் படமா? இன்னும் ஆசை விடலையா?"

"படம் இல்லக்கா. அவ மணி பார்க்க."

"மணி பார்த்து என்ன பண்ணப் போறா, ரயிலுக்கா போறா? வாயத் திற." ஒரு கரண்டி ஊட்டினாள். "ரெண்டு மாசம். ரெண்டு மாசம் ஒரு பொம்பள கண்ணாடியே பார்க்காம இருப்பாளா?"

"பார்த்தேன்கா" என்றாள் தோன்கா.

கரண்டி நின்றது. "என்னது?"

"பார்த்தேன். மார்ச்ல ஒரு நாள் குளியலறைக் கண்ணாடியில கொஞ்சம் மஞ்சளாத் தெரிஞ்சுச்சு. அங்க பல்பு வேற மங்கல். சந்தேகமா இருந்துச்சு. இங்க வந்தா, இவன் கம்ப்யூட்டர்ல என் கையப் போட்டிருந்தான், இத்தாம் பெருசு. அடுப்புலேருந்து எடுத்த பன்னாட்டம் செவசெவன்னு இருந்துச்சு. இவன் கேமரா ஒரு தூசியக்கூட விடாது, உனக்குத்தான் தெரியுமே. அப்போ பல்புதான்னு விட்டுட்டேன்."

"கேமராவ நம்பினியா!"

"அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போய்ப் பார்ப்பேன். நல்லாத்தான் இருக்கும் கை."

"நாலு மாடி எறங்கினா டாக்டர். இவ படத்தப் பார்த்து வைத்தியம் பண்ணியிருக்கா! முட்டாளே!"

"சரி, முட்டாள்தான். கரண்டிய எடு. போதும்."

லூபென் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். தண்ணீர் பிடிக்கவில்லை. மேசையில் பென்சிலும் கோணூசியும் கிடந்தன. அவற்றைப் பெட்டியில் எடுத்து வைத்தார், திரும்ப வெளியே எடுத்தார். இத்தனை நாளாக அவர் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: நான் சொல்லாமல் இருந்துவிட்டேன்தான், ஆனால் அவளுக்கும் கண் இருந்தது, வீட்டில் கண்ணாடி இருந்தது. இப்போது அந்தச் சுவரும் விழுந்தது. அவளுக்குக் கண் இருந்திருக்கிறது. அவள் பார்த்திருக்கிறாள். பார்த்ததைப் பொய்யாக்கியது அவர் கை.

நெதெல்யா காலிக் கிண்ணத்தோடு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"நீ மனசுல வெச்சுக்காத மாப்ளே. ஆம்பளைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? உன்னை ஒண்ணும் சொல்லல. அவளத்தான் சொல்றேன். இப்பவும் சொல்றேன், புதைக்கிற அன்னிக்கும் சொல்லுவேன், நாப்பதாம் நாள்லயும் சொல்லுவேன். கேட்டுக்கோங்கடி பொம்பளைங்களா, என் தங்கச்சி மாதிரி அலட்சியமா இருந்து சாகாதீங்கன்னு. நாலு பேராவது பொழைக்கட்டும்."

அவள் சொன்னால் செய்வாள். கார்லோவோவிலிருந்து கஸன்லாக் வரை, கல்லறையில் இறந்தவர் பெயரால் கொடுக்கும் கோதுமைப் பாயசம் வாங்கித் தின்ன வருகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்வாள். தோன்கா என்றால் இனி அதுதான், கண்ணாடி பார்க்காத முட்டாள். தோன்காவே அதைத்தான் நம்பிக்கொண்டு சாவாள். இது நடக்காமல் இருக்க ஒரே ஒரு ஆள் வாய் திறக்க வேண்டும். அதற்கு எத்தனை நாள் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. தோன்காவுக்குச் சிறுநீர் குறைந்துகொண்டு வந்தது. பகலில் தூக்கம் கூடிக்கொண்டு வந்தது. இதன் அர்த்தம் என்ன என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் வியாழனன்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

நான்கு மணி மருந்து கொடுத்த அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரு நல்ல நேரம் வரும். வலி அடங்கியிருக்கும், மயக்கம் இன்னும் ஏறியிருக்காது. ஐந்து மணி வாக்கில் நெதெல்யா, மிளகாய் போடும் புட்டிகளுக்கு மூடி வாங்க வேண்டும் என்று கீழே இறங்கினாள். லூபென் கணினியை எடுத்துக்கொண்டு போய், கட்டில் ஓரம் உட்கார்ந்து, தன் மடியில் வைத்தார்.

"இத எதுக்குத் தூக்கிட்டு வந்த?" என்றாள் தோன்கா. "பழசெல்லாம் பார்த்து அழுவோமா? எனக்கு வேண்டாம்பா."

"தோன்கா, ஒண்ணு காட்டணும்."

"காட்டு."

மார்ச் மூன்றாம் தேதிப் படத்தைத் திறந்தார். "இது நீ பார்த்தது."

"ஆமா. இதேதான். பன்னு."

பக்கத்தில் இன்னொன்றைத் திறந்தார். "இது கேமரா எடுத்தது."

அவள் தலையைத் தூக்க முயன்றாள். அவர் தலையணைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். நெடுநேரம் பார்த்தாள். வெளியே யாரோ பால்கனியில் தகரத்தைத் தட்டினார்கள்.

"ரெண்டும் ஒரே நாளா?"

"ஒரே படம். நான் கைய மட்டும் மாத்தினேன்."

"எதுக்கு?"

"முதல்ல விளக்குன்னு நினைச்சேன். விளக்க மாத்தினேன். அப்புறம்..." அவர் விரலைப் படத்தின் டயல்மேல் வைத்தார். "டயல் வெள்ளையா இருந்துச்சு."

எட்டு வருடம் அந்த மேசையில் கையை நீட்டியவளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளை டயல் எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

"டயல் வெள்ளையா இருந்துச்சு" என்று அவளும் சொன்னாள். "அப்போ வெளிச்சம் சரி."

"சரி."

"நான்தான் மஞ்சள்."

"ஆமா."

"உனக்குத் தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சுச்சு."

"எத்தனை வாரம்?"

"ஒன்பது."

"கீறல் இருந்துச்சே, அது?"

"அதையும் அழிச்சேன்."

அன்றே போயிருந்தாலும் பிழைத்திருப்பாய் என்று டாக்டர் சொல்லவில்லையே என்ற வார்த்தை அவர் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அந்த அளவுக்காவது அவருக்கு அறிவு இருந்தது.

தோன்கா தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டாள். கையை அவர் பக்கம் நீட்டினாள். "இதக் கழட்டு."

கழற்றினார். பட்டை இருந்த இடத்தில் தோல் சுருக்கம் விழுந்து வெளுத்திருந்தது.

"சொன்னதுல மனசு லேசாயிடுச்சா?"

"இல்ல."

"நல்லது." மூச்சு வாங்கினாள். "உன்னை மன்னிச்சுட்டேன்னு சொன்னா உனக்கு வசதியா இருக்கும். சொல்லலாம்னுதான் பார்க்கறேன். வாயில வரல லூபென்."

"வேண்டாம். சொல்லாத."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏண்டி உன் கை இப்படி இருக்குன்னு. கத்தரிக்காய் வாங்கினா திருப்பித் திருப்பிப் பார்ப்ப. பொண்டாட்டிய ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்."

கணினி தானாகவே அணைந்து திரை கறுத்தது.

"அக்காகிட்ட நீ சொல்லு" என்றாள். "இன்னிக்கு வேண்டாம், இன்னிக்கு எனக்குத் தெம்பில்ல, அவ கத்துவா. நாளைக்குக் காலைல. படத்தையும் காட்டு. நான் பார்த்தேன்னு சொல்லு. நான் போனப்புறம் என்னைப் பத்திப் பேசறவ சரியாப் பேசட்டும்." பிறகு, "என்னை அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வை."

முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் படுக்கையில் படாமல் கணுக்காலுக்குக் கீழே ஒன்று. சுவரைப் பார்த்துத் திருப்பிப் படுக்க வைத்தார். எட்டு மணி மருந்தை அவள் அக்காவிடம்தான் வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழரைக்கு நெதெல்யா சமையலறை மேசையில் முந்தைய நாள் சுட்ட மிளகாய்களின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். லூபென் இரண்டு கோப்பைக் காபி வைத்தார். தோல் குப்பையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கணினியைத் திறந்து வைத்தார். மேல் வரிசையில் கேமரா எடுத்த ஒன்பது, கீழ் வரிசையில் அவர் திருத்திய ஒன்பது. நின்றுகொண்டே சொன்னார். விளக்கு, டயல், கோடு, தூரிகை, தோன்கா பார்த்தது, நம்பியது, எல்லாம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

நெதெல்யா கையைத் துடைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியைப் போட்டாள்.

"இது என்ன தேதி?"

"மார்ச் மூணு."

"இது?"

"மார்ச் பத்து."

ஒன்பதையும் விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். ஒன்பதையும் சொன்னார். திரையில் மிளகாய்ச் சாறு ஒன்பது இடத்தில் ஒட்டியிருந்தது. அவள் கத்துவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் இரண்டாவது படத்துக்கே திரும்பிப் போனாள்.

"மார்ச் பத்து. அதுக்கு அடுத்த நாள் ஃபோன்ல பேசினா. ஒடம்பெல்லாம் அரிக்குதுன்னா. சோப்ப மாத்துடின்னேன்."

அவர் காபிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நான் பார்க்கல. நீ பார்த்த" என்றாள் நெதெல்யா. "அதுதான் வித்தியாசம். மறந்துடாத."

"மறக்க மாட்டேன்கா."

"அக்காங்காத." கணினியைப் படீரென்று மூடினாள். "இந்தப் படத்த ஒண்ணும் அழிக்காத. ரெண்டு வரிசையும் இருக்கணும். நாப்பதாம் நாள் நான் பேச வேண்டியத நீ பேசுவ, எல்லார் முன்னாடியும். இனிமே அவ அறையில நான் படுத்துக்கறேன். நீ இங்க படு." எழுந்தாள். "சரி, வா. உன் மூஞ்சியப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க நேரமில்ல. விரிப்பு நனைஞ்சிருக்கும்."

படுக்கையறை அலமாரிமேல் கடிகாரம் கிடந்தது. நெதெல்யா அதை எடுத்துச் சாவி கொடுத்து, தன் கையில் கட்டிக்கொண்டாள். மூன்றாவது துளை அவளுக்குச் சரியாக இருந்தது.

தோன்கா விழித்திருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள், அவள் கையைப் பார்த்தாள். "சொல்லிட்டானா?"

"சொல்லிட்டான்."

"சரி."

ஆள் படுத்திருக்கும்போது விரிப்பு மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நோயாளியைத் தன் பக்கம் புரட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் பழைய விரிப்பை நடுமுதுகு வரை சுருட்டிப் புதியதைப் போடுவார். பிறகு மறுபக்கம் புரட்ட வேண்டும். இந்த இரண்டு வாரமாக லூபென் பக்கம் புரளும்போது தோன்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். இன்றைக்குக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். நெற்றி மட்டும் அவர் முழங்கையில் பட்டது. அதற்கு வேறு வழியில்லை, கட்டில் குறுகலானது.

நெதெல்யா சுருட்டித் தள்ளினாள். லூபென் தன் பக்கத்துக்கு வந்ததை இழுத்து, மெத்தைக்குக் கீழே செருகி, உள்ளங்கையால் மூன்று தடவை தடவிப் பார்த்தார். ஒரு சுருக்கம் இருந்தாலும் தோல் புண்ணாகிவிடும். தோள்பட்டைக்குக் கீழே ஒன்று இருந்தது. மறுபடி உருவி இழுத்துச் செருகினார்.

"எட்டு" என்றாள் நெதெல்யா, கையைப் பார்த்துவிட்டு.

லூபென் மருந்துப் புட்டியைக் குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கோடு வரை அளந்து கொண்டுவந்தார். தோன்கா வாயைத் திறந்தாள்.